புகையடுப்பின் நீல விளக்கு

அத்தியாயம் 11

ஹார்லன் ஸ்டாடர்ட் பிடிவாதக்காரர் என்று நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வாரமாக அதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. மிசௌரி மாநிலத்தில், செடாலியா ஊருக்கு வெளியே ஹார்லனும் அவர் மனைவி க்ளெண்டாவும் குடியிருக்கிறார்கள். மகள் ஷெல்பி கல்யாணமாகி ஊருக்குள் இருக்கிறாள். மகன் டஸ்டின் இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவோடு முட்டிக்கொண்டு போனவன். போன் நம்பரைக்கூட மாற்றிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு அம்மா பேருக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அதில் அனுப்பியவர் முகவரி இருக்காது, கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா தபால் முத்திரை மட்டும் இருக்கும்.

இன்று சனிக்கிழமை. ஹார்லனுக்கும் க்ளெண்டாவுக்கும் கல்யாணமாகி நாற்பது வருடம் நிறைகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது பேர் சாப்பிட வருகிறார்கள். பரிசாக என்ன வேண்டும் என்று ஹார்லன் கேட்டபோது, என் பிள்ளை இந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிடணும், வேறொன்றும் வேண்டாம் என்று க்ளெண்டா சொன்னாள். வேறு ஏதாவது கேள் என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் அங்கேதான் விட்டோம்.

விருந்துக்கு மாட்டு நெஞ்சுக்கறி. பதினாலு பவுண்டு, ஒரே துண்டு. உப்பும் மிளகும் தடவி விடிவதற்கு முன்பே புகையடுப்பில் ஏற்றிவிட்டார் ஹார்லன். அவருடைய புகையடுப்பு மூடி போட்ட பெரிய இரும்புப் பெட்டி. பக்கத்திலிருக்கும் தொட்டியில் மரத்தூளை அழுத்திச் செய்த குருணையைக் கொட்ட வேண்டும். ஒரு திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும், விசிறி ஊதிக் கொடுக்கும். எத்தனை டிகிரி வேண்டும் என்று குமிழைத் திருப்பி வைத்துவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். அதாவது, பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஹார்லன் காபிக் கோப்பையோடு கொல்லைப்பக்கம் வந்து பார்த்தால், முகப்பில் இரண்டு எண்களும் இரண்டு கதை சொல்லின. கீழே இருப்பது கேட்ட சூடு, 225 டிகிரி ஃபாரன்ஹீட். மேலே இருப்பது உள்ளே இருக்கிற சூடு, 178. பத்து நிமிடம் நின்று பார்த்தார். 171 ஆனது. பிறகு திடீரென்று புகை வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்து, எண் 290-க்கு ஏறி, மறுபடி இறங்க ஆரம்பித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ராஸ்கோ. எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்கில் வெட்டி, அதில் விறகு போட்டுச் சமைக்கிற ஆசாமி. அடுப்புக்கு மின்சாரம் எதற்கு என்பது இந்த அடுப்பு வந்த நாளிலிருந்து அவருடைய கேள்வி.

"என்னப்பா ஹார்லன், ப்ளக்கைச் சரியா சொருகினியா?" என்றார்.

 ராஸ்கோவுக்குப் பதில் சொன்னால் மத்தியானம் வரை போகும்.

முதலில் குருணையைச் சந்தேகப்பட்டார். ஈரம் ஏறிய குருணை சரியாக எரியாது. தொட்டியிலிருந்து நாலு எடுத்து ஒடித்துப் பார்த்தார். படக்கென்று ஒடிந்தது, காய்ந்துதான் இருந்தது. சில சமயம் தொட்டிக்குள் குருணை வளைவு கட்டி நின்று, கீழே குழியாகிப் போகும், திருகுக்கு எதுவும் கிடைக்காது. கையை விட்டுக் கிளறினார். அப்படியும் இல்லை.

அப்படியானால் சாம்பல். அதைப் பார்க்க அடுப்பை அணைத்து ஆற வைக்க வேண்டும், கறியை வெளியே எடுக்க வேண்டும். க்ளெண்டா சமையலறை அடுப்பில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். புகையில் வேக வேண்டிய கறியைச் சமையலறை அடுப்பிலா என்று ஹார்லன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவர் சம்மதிக்கும் வரை அவள் காத்திருக்கவில்லை. தட்டோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, கம்பி வலையையும் கொழுப்பு வடியும் தட்டையும் தூக்கிப் பார்த்தார். தீக்கிண்ணம் விளிம்பு வரை சாம்பல். காற்றுத் துளைகள் பாதி அடைத்துக் கிடந்தன. பற்றவைக்கும் கம்பியே சாம்பலில் புதைந்திருந்தது. இப்படி இருந்தால் எந்தத் தீயும் மூச்சுத் திணறித்தான் எரியும்.

ஹார்லனுக்கு அது புரிந்தது. புரியாதது வேறு. மே மாதக் கடைசியில் அவரே உறிஞ்சு குழாய் வைத்துச் சுத்தமாக எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு இந்தச் செப்டம்பர் வரை இரண்டே தடவைதான் அடுப்பு மூட்டினார். இரண்டு தடவைக்கு இவ்வளவு சாம்பல் எப்படி வரும்? கார் கொட்டகையில் அடுக்கி வைத்த குருணை மூட்டைகளிலும் இரண்டு குறைவதைப் போன மாதமே கவனித்திருந்தார். ராத்திரியில் குப்பையைக் கிளற வரும் காட்டுப் பிராணி ரக்கூன் இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"க்ளெண்டா, ரக்கூன் மரம் தின்னுமா?" என்று வாசற்படியில் நின்றவளைக் கேட்டார்.

"பசிச்சா தின்னும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். என்னவோ மாதிரி இருந்தது அவள் குரல். சாம்பல் அள்ளும் மும்முரத்தில் இருந்த மனுஷனுக்கு அதெல்லாம் எங்கே காதில் விழும்.

சாம்பலை எடுத்தார். சூடு அறியும் கம்பியில் கரி தடித்து ஒட்டியிருந்தது, வினிகர் தொட்ட துணியால் பளபளவென்று துடைத்தார். மறுபடி மூட்டி, சூடு நிற்கிறதா என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார். பத்தரை மணிக்குக் கறி திரும்ப உள்ளே போயிற்று. 225 கேட்டார், 225 நின்றது. இந்தப் பக்கம் ஒரு டிகிரி, அந்தப் பக்கம் ஒரு டிகிரி, அவ்வளவுதான் ஆட்டம்.

வேலிப் பக்கம் போய் ராஸ்கோவிடம் இதைச் சொல்லிவிட்டு வந்தார். சொல்லாமல் இருக்க முடியுமா?

பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தால் இரண்டு எண்ணும் 250.

குமிழ் இடறியிருக்கும் என்று 225-க்குத் திருப்பினார். பன்னிரண்டரைக்கு மறுபடி 250. திருப்பினார். ஒரு மணிக்கு மறுபடி. சமையலறையிலிருந்து சின்ன வெப்பமானியைக் கொண்டுவந்து கம்பி வலை மேல் வைத்தார். அதுவும் 250 என்றே காட்டியது. சூடு அறியும் கம்பி பொய் சொல்லவில்லை. சாம்பல் இல்லை, வெளியே காற்றும் வீசவில்லை, குருணை நன்றாக இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும் அடுப்பு தன் இஷ்டத்துக்கு நடந்தால் அதை என்ன செய்வது?

அது 250 ஆனதுதான் அவரை அதிகம் உறுத்தியது. வேறு எண்ணாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். வட்டாரமே கூடும் கவுண்டி விழாவின் கறிப் போட்டிக்கு அப்பாவும் மகனும் வருடா வருடம் இதே அடுப்பை வண்டியில் கட்டிக்கொண்டு போவார்கள். 225-தான் முறை என்பார் அப்பா. 250 வைத்தால்தான் நேரத்துக்கு வேகும் என்பான் மகன். கடைசி வருடம், 250 வைத்துவிட்டேன், நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி டஸ்டின் ராத்திரி கண்ணயர்ந்தான். எழுந்து பார்த்தால் 225-ல் நின்றது. நடுவர்களுக்குக் கொடுக்கிற நேரத்தில் கறி வேகாமல் செருப்புத் தோலாக இருந்தது. நான் வைத்தேன் என்று அவன் சொல்ல, நீ வைக்கவே இல்லை, பொய் சொல்லாதே என்று போட்டிக்கு வந்த அத்தனை கோஷ்டிகளுக்கு முன்னால் ஹார்லன் கத்தினார். அன்று மத்தியானமே டஸ்டின் ஊரை விட்டுப் போனான்.

அந்தக் குமிழைத் திருப்பியது யார் என்று நான் இதுவரை சொல்லவில்லை. சிலர் யூகித்து எனக்குக் கடிதம்கூடப் போட்டீர்கள்.

மூன்று மணிக்கு ஷெல்பி உருளைக்கிழங்கு சாலடும் அவித்த பீன்ஸும் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா திருப்புளியும் கையுமாக அடுப்பின் முன் மண்டியிட்டிருந்தார். முகப்புப் பலகையைக் கழற்றிவிடுவதென்று முடிவு செய்திருந்தார். அவளும் பக்கத்தில் குந்திக்கொண்டு நடந்ததையெல்லாம் கேட்டாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இருந்த 225 மறைந்து 250 வந்தது. குமிழை யாரும் தொடவில்லை.

ஷெல்பி இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள். பிறகு முகப்பின் ஓரத்தில் கடுகளவு மின்னிக்கொண்டிருந்த நீல விளக்கைக் காட்டினாள்.

"இது எதுக்குப்பா?"

"அது அழகுக்கு வச்சிருக்கான்."

"அழகுக்கு இல்லப்பா. யாரோட போனோ இன்டர்நெட் வழியா இந்த அடுப்போட பேசிட்டிருக்கு. அடுப்பு கெட்டுப் போகல. யாரோ சொல்றாங்க, அது கேக்குது."

யார் என்று அவள் சொல்லவில்லை. இந்த அடுப்பை வாங்கிய அன்று அதைத் தன் போனில் சேர்த்து வைத்தவன் ஒருவன்தான். எனக்கு அந்த எழவெல்லாம் வேண்டாம், எனக்குக் குமிழ் போதும் என்று அன்றைக்குச் சொன்னவர் ஹார்லன்.

அவர் எழுந்தார். முதலில் வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் அடுப்பைத் திருப்புகிறானா என்று ப்ளக்கைப் பிடுங்கப் போனார்.

"அதைத் தொடாதே, ஹார்லன்."

க்ளெண்டா கையில் மேஜை விரிப்போடு வாசற்படியில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அவர் கை நின்றுவிட்டது.

"அந்தச் சாம்பல் என்னோடது" என்றாள். "ஒவ்வொரு புதன்கிழமையும் நீ ஊருக்குள்ள காபி குடிக்கக் கிளம்பினதும் நான் அடுப்பைப் பத்த வைப்பேன். உள்ள எதுவும் வைக்கிறதில்ல, வெறும் அடுப்புதான். அஞ்சு நிமிஷத்துல அந்த நீல லைட் வரும். நான் 225 வைப்பேன். அவன் 250 ஆக்குவான். பையன் இருக்கான், நல்லா இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு அணைச்சிருவேன்."

"எத்தனை நாளா?"

"அவன் போனதுலேர்ந்து."

மே மாதத்திலிருந்து எத்தனை புதன்கிழமை என்று ஷெல்பி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.  ரக்கூன் என்று காலையில் தான் கேட்டது நினைவுக்கு வந்து ஹார்லனைக் கூச வைத்தது.

பிறகு அவர் மகளிடம் ஒரு கேள்வி கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அந்தப் போனில் டஸ்டினுக்கு என்னென்ன தெரியும்?

"எல்லாமே தெரியும். எப்ப பத்த வச்சது, எத்தனை டிகிரி, கறி எவ்வளவு வெந்திருக்கு. போன்ல மாத்தினதா, கையால குமிழைத் திருப்பினதான்னுகூட நேரத்தோட இருக்கும்."

"பழசும் இருக்குமா?"

"அழிக்கலேன்னா இருக்கும்பா."

ஹார்லன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். திருப்புளி கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது, எடுக்கவில்லை. க்ளெண்டா வந்து அவர் முன்னால் நின்றாள். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள், கேள்வி கேட்காமல் நின்றாள்.

"நான்தான் திருப்பினேன்" என்றார். "அவன் தூங்கினதும் 225-க்கு நான்தான் இறக்கினேன். கறியைக் காப்பாத்துறேன்னு நெனச்சேன். காலையில கெட்டுப் போனதும், அத்தனை பேர் முன்னாடி ஒத்துக்க வாய் வரல."

"அவன் பொய் சொல்ல மாட்டான்னு எனக்குத் தெரியும்" என்றாள் க்ளெண்டா. "நீ சொல்லுவேன்னுதான் தெரியாது."

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்றது. படட்டும் என்றுதான் அவள் சொன்னாள். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அவரை உண்மையில் சாய்த்தது வேறொன்று. அன்றைக்கு டஸ்டின் கையிலேயே போன் இருந்தது. குமிழைத் திருப்பியது எந்த நேரம் என்பதுவரை அதில் இருந்தது. பொய்யன் என்று அப்பா கத்தியபோது அதை எடுத்து அத்தனை பேருக்கும் காட்டியிருக்கலாம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டி ஏறிவிட்டான்.

"ஆதாரத்தைக் கையில வச்சுக்கிட்டு ஏன் காட்டாம போனான்?" என்றார் ஹார்லன்.

"நீ தலை குனிஞ்சு நிக்கிறதை அவனால பாக்க முடியாது. அவ்வளவுதான்."

ஹார்லன் அழுதார். சத்தம் வரவில்லை. அறுபத்தாறு வயதில், தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு அழுதார். ஷெல்பி அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு எழுந்து அடுப்புக்குப் போனார். மகனிடம் சொல்ல அவருக்கு இருந்தது ஒரு குமிழ்தான். அதில் இருநூற்று ஐம்பதை மகன் ஏற்கெனவே வைத்திருந்தான். ஹார்லன் அதை 225-க்கு இறக்கி, ஒரு நொடி நின்றார். க்ளெண்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி அவளை இருக்கச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே மறுபடி 250-க்கு ஏற்றினார். போனில் மாற்றியதா, கையால் திருப்பியதா என்று தெரியும் அல்லவா? தெரியட்டும். அப்பா கையால் இருநூற்று ஐம்பது. இரண்டடி பின்னால் வந்து நின்றுகொண்டார்.

மணி மூன்றரை. மூன்று பேரும் அந்த முகப்பையே பார்த்தார்கள். நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. அவன் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று ஷெல்பி நினைத்தாள்.

அப்போது 250 மறைந்தது. 225 வந்தது.

குமிழை யாரும் தொடவில்லை. ஹார்லன் அதை இரண்டு தடவை படித்தார், தன் கண்ணை நம்பாமல் க்ளெண்டாவைப் படிக்கச் சொன்னார். அவளும் அதையே படித்தாள். அவருடைய எண்ணை அவருக்கே திருப்பிக் கொடுத்திருந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராஸ்கோ, இன்னும் அது சரியாகவில்லையா என்று கேட்டார்.

"சரியாயிடுச்சு" என்றார் ஹார்லன். 

முதலில் கணக்குப் போட்டது க்ளெண்டாதான். கறிக்குள் குத்தியிருந்த கம்பி 165 காட்டியது. இருநூறைத் தாண்டினால்தான் வெந்ததாகக் கணக்கு. 250-ல் விட்டால் ஆறு மணிக்கு மேஜைக்கு வந்துவிடும். 225-ல் எப்படியும் எட்டாகும். மத்தியானத்திலிருந்து விருந்து நேரத்துக்கு வேகட்டும் என்று ஏற்றி ஏற்றி வைத்தவன் இப்போது ஏன் இறக்குகிறான்? அம்மா ஆறு மணிக்குச் சாப்பாடு போடுகிறவள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

"ஷெல்பி, விச்சிட்டாவிலேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?"

ஷெல்பி அம்மாவைப் பார்த்தாள். நாலு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம் என்றாள். இப்போது கிளம்பினால் எட்டு. அதைச் சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது.

அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தானா, தனக்காகக் காத்திருக்கச் சொல்கிறானா? ஒரு எண்ணிலிருந்து எவ்வளவுதான் படிப்பது. அவர்கள் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீல விளக்கு அணைந்தது. போனை மூடியிருக்கலாம். வண்டியில் ஏறிச் சாலையில் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

க்ளெண்டா உள்ளே போய் இருபது பேருக்கும் வரிசையாகப் போன் போட்டாள். கறி தாமதமாகிறது, எட்டு மணிக்கு வாருங்கள் என்று சொன்னாள். பாதிரியார் வீட்டில் மட்டும் ஏன் என்று கேட்டார்கள். அடுப்பில் கொஞ்சம் தகராறு என்று சொல்லிவைத்தாள். பிறகு மேஜைக்குத் தட்டு எடுத்துவைத்தாள், ஒன்று கூடுதலாக. ஹார்லன் அதைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"வரலேன்னா?" என்று கேட்டார்.

"வரலேன்னா புதன்கிழமை பத்த வைப்போம்" என்றாள் க்ளெண்டா. "அன்னிக்கு நீ காபி குடிக்கப் போகாதே."

ஹார்லன் தலையாட்டினார். கொல்லைப்பக்கத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், வீட்டுக்கு முன்னால் சாலையைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.